எட்டு பத்துக்குத் தொடங்கிய இரண்டாம் பாதி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரம்கூடச் சரியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளிதழில் நாடக விமர்சனம் எழுதியவன் நான். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் பொய்யும் எழுதியிருக்கிறேன். சுமாரை அருமை என்றிருக்கிறேன், அருமையைச் சுமார் என்றிருக்கிறேன். இது மட்டும் பொய்யில்லை. நம்பாதவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. நானே மூன்று நாள் நம்பவில்லை.

முதலில் என் அலுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு நான்கு நாடகம். திங்கட்கிழமை பெரிய அரங்கில், ஆயிரத்திருநூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து இசை நாடகம். புதன்கிழமை எங்கோ ஒரு மாடியில், எண்பது இருக்கை போட்ட சின்ன அரங்கு. இரண்டிலும் அப்பா மகனை அறைவார். பெரிய அரங்கில் பாடிக்கொண்டே அறைவார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆரம்பத்தில் என் மனைவியும் கூட வருவாள். பிறகு, வீட்டில் நடக்கிற நாடகமே தனக்குப் போதும் என்று நின்றுவிட்டாள். மூட்டுவலி, ராத்திரிச் சாப்பாடு பதினொரு மணிக்கு, பாதித் தூக்கம். உடம்பு கெஞ்ச ஆரம்பித்துப் பத்து வருஷமாயிற்று.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இடைவேளையில் நழுவிவிடுவேன். எல்லா நாளும் இல்லை, பாதி நாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் அரைப் பானையைப் பார்த்துவிட்டுத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மீதியை, வாசலில் கொடுக்கிற நிகழ்ச்சித்தாளில் உள்ள கதைச்சுருக்கத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம். எங்கள் தொழிலில் இது புதிதும் இல்லை.

இரண்டு மாதம் முன்பு மாட்டிக்கொண்டேன். ஒரு நாடகத்தில், கடைசியில் அண்ணன் சாகிற காட்சி உருக்கமாக இருந்தது என்று எழுதினேன். அந்த வாரம்தான் முடிவை மாற்றியிருந்தார்களாம். அண்ணன் சாகவில்லை, கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். வாசகர்கள் கடிதம் போட்டுக் கிழித்துவிட்டார்கள். எங்கள் கலைப் பக்கத்தின் ஆசிரியை என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அவர் கத்தவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"சார், இன்னொரு தடவை பாக்காத காட்சிய எழுதினீங்கன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் என்னால காப்பாத்த முடியாது."

ஓய்வுக்கு எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. வேறு வேலையும் தெரியாது. அந்தப் புதன்கிழமை நான் கிளம்பும்போது மனைவி கதவருகே வந்து, "இதையாவது முழுசாப் பாத்துட்டு வாங்க," என்றாள். தலையாட்டிவிட்டுப் போனேன்.

6.10க்கு அரங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு துணிக்கிடங்குக்கு மேலே, இரண்டாவது மாடி. ஏறி முடிப்பதற்குள் முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. டிக்கெட் கொடுக்கிற பெண் நிகழ்ச்சித்தாளை நீட்டினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அப்பா வேஷத்தில் யார் என்று படித்ததும் தாளை மூடிவிட்டேன்.

கணீர்.

நாடகக்காரர்கள் வைத்த பெயர். அப்படி ஒரு குரல். ஒன்பது வருஷம் முன்பு பெரிய அரங்கின் இசை நாடகத்தில் அவர்தான் முக்கிய வேஷம். நான் இடைவேளையில் கிளம்பிவிட்டேன். மழை வரும்போல இருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, இரண்டாம் பாதியில் அவர் குரல் தளர்ந்துவிட்டது என்று எழுதினேன். நாலு வரி பாராட்டினால் ஒரு வரி குறை சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஒரு பழக்கம். இரண்டாம் பாதியில்தான் அவர் பிய்த்து உதறினாராம். கூட்டம் எழுந்து நின்று, ஒரே பாட்டை மறுபடி பாட வைத்ததாம். ஆனால் அந்த அரங்கின் முதலாளி நாடகம் பார்ப்பவர் இல்லை, பத்திரிகை படிப்பவர். அடுத்த ஆண்டு கணீரைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பெரிய மேடை எதுவுமே கூப்பிடவில்லை.

ஒரே ஒருமுறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். கோபமே இல்லை.

"சார், ரெண்டாம் பாதியில எந்தப் பாட்டுல தளர்ந்துச்சுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

"எல்லாத்துலயும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த மனுஷரைத்தான் அன்று பார்க்கப் போயிருந்தேன்.

6.32க்கு நாடகம் தொடங்கியது. அரங்கில் என்னையும் சேர்த்து இருபது பேர். விற்றுவிட்ட வீட்டை ஒரு அப்பாவும் மகளும் காலி செய்கிறார்கள், அதுதான் கதை. மேடையில் ஒரு அலமாரி, ஒரு மடக்குக் கட்டில், ஐந்தாறு அட்டைப்பெட்டி. அப்பா, மகள், தரகர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பாத்திரங்கள். மேடையின் இடப்பக்கம் ஒரு பலகை யார் மிதித்தாலும் 'கிரீச்' என்றது. 'பலகையைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்' என்று குறித்துக்கொண்டேன். கணீருக்கு வயதாகியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. முதல் பாதியில் குரலை அடக்கியே பேசினார். பரவாயில்லை ரகம்.

7.44க்கு இடைவேளை. மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அங்கே இருக்கைகளெல்லாம் ஸ்பிரிங் வைத்தவை, எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். டப்... டப்... டப் என்று சத்தம். எல்லோரும் டீ குடிக்க வெளிக்கூடத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. படி இறங்கினால் மறுபடி ஏற மனசு வராது என்று எனக்குத் தெரியும். 7.46க்குக் கண்ணை மூடிச் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

மணி அடித்தது. விழித்தேன். கடிகாரம் 8.10 காட்டியது.

ஒரே ஒரு மணி. வழக்கமாக மூன்று அடிப்பார்கள், வெளியே நிற்பவர்கள் வந்து சேர வேண்டுமே. யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அரங்கு முழுக்கக் காலி. சின்ன அரங்கில் இது நடப்பதுதான், பிடிக்காவிட்டால் பாதியில் போய்விடுவார்கள். நானே அந்த ஜாதிதானே! பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுதான் இடித்தது. அத்தனை வரிசையிலும், அத்தனை இருக்கையும், மடங்காமல் விரிந்தே இருந்தது. ஸ்பிரிங் பழசாகியிருக்கும்.

மேடையில் பழைய விளக்குகள் இல்லை. நடுவில் ஒற்றை பல்பு. கணீர் அதன் கீழே நின்றார். எப்போது வந்தார் என்று பார்க்கவில்லை. ஒப்பனை பாதி கலைந்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு பக்கம் துடைத்து எடுத்தமாதிரி. 'வீடு கலைவதுபோல் முகமும் கலைகிறது, நல்ல யோசனை' என்று குறித்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேச ஆரம்பித்தார்.

அட! அந்தக் குரல். ஒன்பது வருஷம் முன்பு முதல் பாதியில் கேட்டேனே, அதே குரல். அதைவிட மேல். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு நாடகத்தில் எனக்குத் தூக்கம் போனது.

மகளிடம் பேசினார். மகள் மேடைக்கு வரவில்லை. அவர் கேள்வி கேட்பார், நிறுத்துவார், பதிலைக் கேட்டதுபோல் சிரிப்பார். தரகரிடம் கோபித்துக்கொண்டார். தரகரும் இல்லை. நான் வேகவேகமாக எழுதினேன். 'இரண்டாம் பாதி முழுக்க ஒற்றை ஆள். இயக்குநருக்கு என்ன துணிச்சல்!'

இடப்பக்கம் நடந்தார். பலகை கிரீச்சிடவில்லை. மறுபடி நடந்தார். இல்லை. இடைவேளையில் சரிசெய்துவிட்டார்கள் என்று எழுதினேன்.

8.31. கட்டிலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்தார். இரண்டு பேர் பிடித்து மடிக்கிற அளவு. ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நீட்டினார். விட்டார்.

மறுமுனை கீழே விழவில்லை.

விரிப்பு விறைப்பாக நின்றது. எதிர்ப்பக்கம் இரண்டு மூலையும் தோள் உயரத்தில், யாரோ பிடித்திருப்பதுபோல. அவர் இரண்டடி முன்னால் வந்தார். அதுவும் இரண்டடி வந்தது. மடித்தார்கள். மடித்தார் என்று எழுத வேண்டும். ஆனால் நான் பார்த்தது 'மடித்தார்கள்'தான்.

'கண்ணுக்குத் தெரியாத நூல். பிரமாதம்' என்று எழுதினேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். ஏ.சி. ஓடவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அப்போது அரளவில்லை. அதுதான் விஷயம். என் தொழில் புத்தி எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

8.47. சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. மனைவியாக இருக்கும். வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று பாதி எழுந்தேன்.

அவர் நிறுத்தினார்.

வாக்கியத்தின் நடுவில். வாய் திறந்தபடி. அசையவில்லை.

உட்கார்ந்தேன்.

விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.

தற்செயல்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மறுபடி எழுந்தேன்.

நிறுத்தினார்...

இந்தமுறை தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. காத்திருக்கிற பார்வை. கண் இமைக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். இருபது... முப்பது... நாற்பது...

உட்கார்ந்துவிட்டேன்.

தொடர்ந்தார்.

ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. பேனாவை மட்டும் விடவில்லை. ஓட வேண்டும் என்று கால் சொன்னது. எழுந்தால் மறுபடி அவர் நிறுத்துவார். மறுபடி பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

9.04. பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார், மகளிடம் சொல்வதுபோல.

"போறப்ப லைட்ட அணைச்சிட்டுப் போம்மா. நான் இருக்கேன்னு நெனச்சுப் போட்டு வெச்சிடாத."

நேராக நின்றார். இரு கையையும் தொங்கவிட்டுத் தலை குனிந்தார்.

நான் கைதட்டினேன். பயத்தில் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நடிப்புக்குத் தட்டினேன்.

பல்பு அணைந்தது.

இருட்டு.

என் பின்னால்...

டப்.

டப்... டப்...

டப் டப் டப் டப் டப்...

எல்லா வரிசையிலும். எல்லா இருக்கையும். முழு அரங்கும் எழுந்து நிற்கிற சத்தம்.

ஓடினேன்.

வெளிக்கூடத்தில் விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. மேஜைமேல் பாதி குடித்த டீ கோப்பைகள். தரையில் நிகழ்ச்சித்தாள்கள். ஒரு நாற்காலியில் யாரோ மறந்துவிட்ட குடை. கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளிருந்து குமிழைத் திருகினால் திறக்கும் வகை, திருகினேன், திறந்தது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் பஸ் போனது, இரண்டு பேர் வண்டி நிறுத்துவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது. வயதான காலத்தில் அரைத் தூக்கத்தில் என்னென்னவோ தோன்றும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேயறைந்தமாதிரி இருக்கிறதே என்றாள். முழுசாகப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். விமர்சனத்தை 10.30க்குள் அனுப்ப வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். பலகை, விரிப்பு, கடைசி வசனம், எல்லாம். கணீரின் இரண்டாம் பாதியைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். 10.21க்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலை 6.40. ஃபோன். ஆசிரியை.

"சார், நேத்து எதுவரைக்கும் இருந்தீங்க?"

"முடியற வரைக்கும்."

பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மூணாம் பக்கத்தப் பாருங்க," என்றார்.

பார்த்தேன். சின்னச் செய்திதான். நாடகத்தின் இடைவேளையில், 7.50 மணிக்கு, ஒப்பனை அறையில் மூத்த நடிகர் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. பார்வையாளர்களிடம் வெளிக்கூடத்திலேயே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அதே பத்திரிகையின் பதினோராம் பக்கத்தில், நடக்காத இரண்டாம் பாதிக்கு என் விமர்சனம்.

ஊர் சிரித்தது. அலுவலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டை நீட்டினேன். ஆசிரியை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். திட்டியிருந்தால் தேவலை. நான் தூங்கிப்போய்க் கனவு கண்டிருப்பேன் என்று மெல்லச் சொன்னார், கண் கலங்கியிருந்தது. அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். மறுநாள் பத்திரிகையில் வருத்தம் தெரிவித்து நாலு வரி வந்தது. மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கனவுதான் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். அப்படி நம்புவது சுலபமாக இருந்தது.

நான்காம் நாள் காலை 11.20க்கு அந்த நாடகத்தின் இயக்குநர் ஃபோன் செய்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கடைசி வசனத்த உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"அவர்தான். மேடையில."

பிறகு சொன்னார். எழுதிய நாடகத்தில் அந்த வசனம் இல்லை. சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போ என்று ஏதோ சாதாரணமாக முடியும். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு இயக்குநருக்கு அது பிடிக்காமல் போய், கணீரை ஃபோனில் கூப்பிட்டுப் புது வசனம் சொல்லியிருக்கிறார். மகளாக நடித்த பெண்ணுக்குக்கூடச் சொல்லவில்லை. மேடையில் திடீரென்று கேட்டு அவள் முகம் மாற வேண்டும் என்று இருவருமாக மறைத்து வைத்திருந்தார்கள். அந்த வசனத்தைக் கணீர் யார் முன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்வதற்குள் போய்விட்டார்.

பத்திரிகைக்கு இதை எழுதட்டுமா, உங்கள் வேலை திரும்பக் கிடைக்குமே என்று கேட்டார். யார் நம்புவார்கள் அம்மா, விடுங்கள் என்றேன். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

"இன்னொண்ணும் சொல்லணும் சார்," என்றார்.

இடைவேளையில் கணீர், மாடியின் பின்கோடியில் இருந்த ஒப்பனை அறைக்குள் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாராம். முகம் சரியில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "அவர் போயிட்டாரா?" என்று கேட்டாராம். யாரைக் கேட்கிறார் என்று இயக்குநருக்குத் தெரியும். திரை இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். இல்லை, இருக்கிறார் என்று போய்ச் சொல்லியிருக்கிறார். கணீர் நம்பவில்லை. இன்னொருமுறை பார்க்கச் சொன்னாராம். பார்த்துவிட்டு வந்து மறுபடி சொன்னதும், சின்னப் பிள்ளைபோல் சிரித்தாராம்.

"அப்ப இன்னிக்கு ரெண்டாம் பாதிய நல்லாப் பண்ணிரணும்."

சொல்லிக்கொண்டே எழுந்தாராம். எழுந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். அந்தக் கலவரத்தில், உள்ளே நான் ஒருவன் உட்கார்ந்திருப்பதை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள்.

மணி 7.50. நான் அப்போது இன்னும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாருக்குத் தெரியப்போகிறது, எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.